பிள்ளைமடுவத்து ஆயம்மாவும் காமரங்காய்ச் சாறும்

நீங்கள் சொன்னது பொய். பதுளை டவுனில் மூலிகைக் கடை வைத்துக்கொண்டு, மேசை மேல் ஒரு தட்டு நிறையக் காமரங்காயை அடுக்கி, போனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசினீர்களே, அந்தப் பேச்சைத்தான் சொல்கிறேன். இப்போது அந்த வீடியோவை உங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். எடுத்துவிட்டால் சொல்லாததாக ஆகிவிடாது. எங்கள் தோட்டத்தில் அது இன்னும் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு எங்கள் ஆயம்மாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வரவில்லை. பேசியிருப்பீர்கள். ஆனால் யாரிடம் பேசினீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

லுணுகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைமடுவம் என்று பெயர். அங்கே வேலை பார்த்தவர் அவர். அந்த வேலை பார்ப்பவரை ஆயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று வேறொரு பெண் அந்த வேலைக்கு வந்த பிறகும் ஆயம்மா என்றால் அவர்தான். என்னை வளர்த்தவர். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்த்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் என் காம்பராவுக்கும் அவருடைய காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

ஆள் குள்ளம். கைகள் மட்டும் பெரியவை. அந்தக் கைகளுக்குப் பயப்படாத பிள்ளை எங்கள் தோட்டத்தில் வளரவில்லை. அடிக்க மாட்டார். மருந்து கொடுப்பார். வயிற்றுப் பூச்சி மருந்தோ, இருமல் மருந்தோ, டிஸ்பென்சரியிலிருந்து எது வந்தாலும், இடது கையால் மூக்கைப் பிடித்து, வலது கையால் ஊற்றிவிட்டு, "நாக்கைத் தூக்கு" என்பார். நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று விரலை விட்டுப் பார்ப்பார். கரண்டியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றுவார். நான் சின்ன வயதில் துப்பியிருக்கிறேன். துப்பியதற்கு ஒரு கரண்டி திரும்ப ஊற்றினார். கோபமே இல்லாமல் ஊற்றினார். அதுதான் பயமாக இருந்தது.

பெரியவர்களிடமும் அப்படித்தான். ஒரு தடவை மலையில் கொழுந்து வேலையை மேற்பார்க்க வந்த கணக்கப்பிள்ளை மடுவத்து வாசலில் நின்று இருமினார். ஆயம்மா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவர் பாதி குடித்துவிட்டு மீதியைப் படியோரம் ஊற்றப் பார்த்தார்.

"கீழ ஊத்தவா நான் அவிச்சேன்? குடிங்க."

"போதும் ஆயம்மா, தொண்டை சரியாப் போச்சு."

"எனக்கு முன்னால குடிங்க, ஐயா. குடிச்சிட்டு நாக்கைத் தூக்குங்க."

அவர் தூக்கினார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எங்களை அதட்டுகிற மனிதர், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்த பெண்கள் அன்று முழுக்க மலையில் சிரித்துக்கொண்டே கொழுந்தெடுத்தார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொண்டதில்லை. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தால் நாமெல்லாம் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு மீதியை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்வோம். அவர் மட்டும் கடைசி மாத்திரை வரை விழுங்குவார். சர்ச்சில் ஃபாதர் உபவாசம் என்று சொன்னால் தண்ணீர்கூட எண்ணித்தான் குடிப்பார். ஒன்றைத் தொடங்கினால் அதன் கடைசியைப் பார்க்காமல் விடாத பொம்பளை. அதை நாங்கள் கெட்டித்தனம் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காமரங்காய் மரம் பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் நிற்கிறது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஐந்து விளிம்பு வைத்த பழம், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி விழும். அந்த மரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை வைத்து ஆயம்மா செய்யாத வேலை இல்லை. காயை மெல்லியதாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். ஒரு துண்டுதான். மீன் குழம்பில் கொறுக்காய்ப்புளிக்குப் பதிலாக இதைப் போடுவார். இலையை அரைத்து, அம்மை இறங்கிய பிள்ளைகளின் அரிப்புக்குப் பூசுவார். சம்பளத்துக்கு மறுநாள் கண் சிவந்து படுத்துக் கிடக்கிற ஆம்பிளைகளுக்குப் பழத்தைப் பிழிந்து, சீனியும் உப்பும் போட்டு அரை கிளாஸ் கொடுத்து எழுப்பி வேலைக்கு அனுப்புவார். சர்ச் குத்துவிளக்கையும் மெழுகுதிரிக் கால்களையும் இதன் சாற்றால்தான் தேய்ப்பார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் பிடித்த துரு இதில் போகும். தேயிலைக் கறை பிடித்த துணியும் வெளுக்கும்.

இத்தனை வருடத்தில் அந்த மரத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் யாரும் அதைக் கிளாஸ் கிளாஸாகக் குடிக்கவில்லை. நீங்கள் வந்து சொல்லும் வரைக்கும்.

ஆயம்மாவுக்குச் சீனி வியாதி வந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. கிளினிக் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். ஆனாலும் வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. அவருடைய புருஷனுக்கும் அப்படித்தான் தொடங்கியது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள், பிறகு மனிதரே போய்விட்டார். எடுத்த காலை ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. "மத்த ஒடம்பத்தான் பொதைச்சோம், காலு எங்க கெடக்குதோ" என்று ஒரு நாள் மட்டும் என்னிடம் சொன்னார். யாருக்கும் பயப்படாதவர் தன் காலைப் பார்த்துப் பயந்ததை நான் பார்த்தேன். துணியைச் சுற்றி மூடி வைத்துக்கொள்வார். அவிழ்த்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கிளினிக்கில் டாக்டர் இனி இன்சுலின் ஊசி போட வேண்டிவரும் என்றார். அந்த வாரத்தில்தான் உங்கள் வீடியோ வந்தது. அவருடைய தங்கச்சியின் போனில் வந்தது. தங்கச்சியும் கல்யாணம் கட்டாமல் அவரோடு அதே காம்பராவில் இருந்தவர்தான். தங்கச்சிக்கும் சீனி உண்டு.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு மனப்பாடம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் காமரங்காய்ச் சாறு, தண்ணீர் கலக்கக் கூடாது. ஒரு மண்டலம் விடாமல் குடித்தால் சீனி இறங்கும், ஊசி வேண்டாம், காலை எடுக்க வேண்டாம். இது வரை சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால்கூட அவர் தப்பியிருப்பாரோ என்னவோ. அதன் பிறகு இரண்டு விஷயம் சொன்னீர்கள். இடையில் ஒரு நாள் விட்டாலும் நோய் இரண்டு மடங்காகத் திரும்பும் என்றீர்கள். டாக்டர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு இது பிடிக்காது என்றீர்கள்.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் புளிப்புக்கு மூன்றாம் நாளே விட்டிருப்பார்கள். லயத்தில் நாலைந்து பேர் குடித்துப் பார்த்தார்கள், பல் கூசுகிறது என்று விட்டுவிட்டார்கள். ஆயம்மா விடவில்லை. பெரட்டு மணி அடிக்கும் முன்னே சுவருக்கு அந்தப் பக்கம் உரலில் இடிக்கிற சத்தம் கேட்கும். பிழிந்து குடித்துவிட்டு, கிளாஸைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிப்பார்.

முதலில் சோறு பிடிக்கவில்லை என்றார். பிறகு முகம் ஊதியது. மழைக் குளிர் என்றார்கள். பிறகு விக்கல் வந்தது.

விக்கல்தானே என்று நாங்கள் சிரித்தோம். யாரோ நினைக்கிறார்கள், பெயரைச் சொன்னால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாயந்தரம் வேலை விட்டு வந்த பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். கொழும்பில் இருக்கிற அவர் வளர்த்த பிள்ளைகள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்கள். "கணக்கப்புள்ளதான் நெனைக்கிறாரு, கொத்தமல்லி கேட்டு" என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஆயம்மாவும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே விக்கினார். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரெல்லாம் தீர்ந்துபோனது. அப்போது தங்கச்சி, செத்துப்போன அத்தானின் பெயரைச் சொன்னார்.

விக்கல் நின்றது.

ஆயம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப விக்கல் வந்தது. அது வந்ததில் எங்களுக்கு நிம்மதி. இப்படி ஒரு நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. தூக்கத்திலும் விக்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். விடிந்ததும் உரல் சத்தம் கேட்கும். விக்கிக்கொண்டே இடிப்பார்.

ஒரு காலையில் என் மூத்த பிள்ளையை அவன் அப்பாவின் பெயரால் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, நீ யாரு வீட்டுப் புள்ள என்று கேட்டார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. லுணுகலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அவரிடம் வேன் இருக்கிறது. வந்தார். ஆயம்மாவை நடு சீட்டில் சாய்த்து, நானும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். தங்கச்சியின் மடியில் ஒரு துணிப்பை.

பாதி வழியில் நானா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "இந்த விக்கல் எத்தன நாளா?"

சொன்னேன்.

"அந்தப் பையில என்ன?"

தங்கச்சி பையை இறுக்கிப் பிடித்தார். நான் வாங்கித் திறந்து பார்த்தேன். நாலைந்து காமரங்காயும், ஒரு கிளாஸும்.

நானா வேனை ஓரம் கட்டினார். "இதையா குடுக்கிறீங்க? எங்க வாப்பாவுக்குக் கிட்னி பழுது. மெஷின்ல ரத்தம் கழுவுறோம். மொத நாளே டொக்டர் சொன்ன விஷயம், இந்தப் பழத்தைக் கண்ணுலயும் காட்டாதீங்கண்டு. விக்கல் வரும், புத்தி தடுமாறும், பிறகு வலிப்பு வரும், ஆள் போயிரும்."

"நம்ம தோட்டத்துல காலங்காலமாத் திங்கிறோம், நானா" என்றார் தங்கச்சி.

"நல்ல ஆளு ஒரு துண்டு திண்டா ஒண்டும் இல்ல. இவங்க நல்ல ஆளா?"

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், வேறு ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று கேட்டார். ஆயம்மாவுக்கு அந்த நேரம் கொஞ்சம் தெளிவு இருந்தது. இல்லை என்று தலையாட்டினார். நீங்கள் சொல்லக் கூடாது என்றீர்கள், அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எவ்வளவு, எத்தனை நாள், வெறும் வயிற்றிலா என்று கேட்டார். நர்ஸ் தமிழில் எனக்கு விளக்கினார். இந்தப் பழத்தில் ஒரு அமிலம் இருக்கிறது, அது கிட்னியில் போய் அடைக்கும். நல்ல கிட்னியைக்கூட, வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் கெடுக்கும். சீனியால் ஏற்கெனவே பழுதான கிட்னி என்றால் பழத்தில் இருக்கிற வேறொரு நஞ்சு வெளியே போக வழி இல்லாமல் மூளைக்கு ஏறும். பழத்தில் நல்ல குணமும் இருக்கலாம், ஆனால் சீனிக்கு மருந்து என்று மனிதர்களிடம் யாரும் சரியாகப் பரிசோதித்துச் சொல்லவில்லை என்றார். நான் இதை மறைக்கவில்லை, நீங்களும் கேளுங்கள்: சீனி அவருடைய கிட்னியை முன்னமே தின்றிருந்தது என்றும் டாக்டர் சொன்னார். மாத்திரையோடும் ஊசியோடும் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும் என்றும் சொன்னார்.

மெஷினில் போட்டு இரத்தத்தைக் கழுவினார்கள். விக்கல் நின்றது. மறுநாள் என்னை அடையாளம் கண்டார். பெயரைச் சொன்னார். கஞ்சி குடித்தார். பக்கத்துக் கட்டிலில் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிய பெண்ணிடம், "ஏ புள்ள, வாயத் தொற" என்றார். பிழைத்துக்கொண்டார் என்று நான் நம்பினேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் பார்வை நேரத்துக்குத் திரும்பி வந்தேன்.

வார்டு வாசலிலேயே கேட்டது. விக்கல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து ஒரு சோடா போத்தலை அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சாறு. பாதிக்கு மேல் காலி. ஆயம்மா இரண்டு கையின் அந்தப் பெரிய விரல்களாலும் போத்தலைப் பிடித்திருந்தார். நான் பிடுங்கினேன். அவர் விடவில்லை. நோயாளிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"மண்டலம் முடியல புள்ள. விட்டா ரெண்டு மடங்கா வரும்."

"இதுதான் ஆயம்மா உங்களைக் கொல்லுது."

"காலை எடுத்துருவாங்க."

"காலு போனாப் போகுது. விடுங்க."

அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் எப்படி எழுதுவேன். சின்ன வயதில் எங்களை மடியில் போட்டு அவர் மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றும்போது எங்கள் கண்ணில் இருந்திருக்குமே, அந்தப் பயம். அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். நான் விரல் விரலாகப் பிரித்துப் போத்தலை வாங்கி, மூலையில் இருந்த பேசினில் கொட்டினேன். தங்கச்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதார். நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்தார். மெஷினுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யும்போதே வலிப்பு வந்தது. அன்று சாயந்தரம் ஆயம்மா போய்விட்டார்.

அடக்கத்துக்குத் தோட்டமே வந்தது. கணக்கப்பிள்ளை பெட்டியைத் தூக்கினார். குழிமேட்டில் தங்கச்சி எல்லார் முன்னாலும் என்னைக் கையைக் காட்டிச் சொன்னார்.

"இவதான் மருந்தைக் கொட்டுனா. கொட்டுன அன்னைக்கே எங்க அக்கா போயிட்டா. அந்த மனுசன் சொன்னபடியே நடந்துச்சு."

அப்படித்தான் எல்லாரும் நம்புகிறார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? இடையில் நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும் என்றீர்கள். நிறுத்தினோம், வந்தது. உங்கள் பொய்யை ஆயம்மாவின் சாவு உண்மையாக்கிவிட்டது. நர்ஸ் சொன்னதை நான் சொன்னால், டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அந்த மனிதரே முன்கூட்டிச் சொன்னாரே என்கிறார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. மலையில் என் நிரைக்குப் பக்கத்து நிரையில் நிற்க யாரும் வருவதில்லை. என் பிள்ளையிடம், உங்க அம்மா ஆயம்மாவைக் கொன்னுட்டாங்களாமே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

அதை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு ஒன்று.

போன வாரத்திலிருந்து விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பவும் உரல் சத்தம் கேட்கிறது. தங்கச்சி இடிக்கிறார். அக்கா முடிக்காமல் விட்டதைத் தான் முடிக்கப் போவதாக லயத்தில் சொல்லியிருக்கிறார். நான் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. நானாவை அழைத்து வந்து பேச வைத்தேன். உள்ளே இருந்தபடியே, கடைக்காரனுக்கு இங்க என்ன வேலை என்றார். ஃபாதர் வந்து பேசினார். தலையாட்டிவிட்டு அடுத்த நாளும் இடித்தார். அவர் ஏன் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சாறு நஞ்சு என்று ஒத்துக்கொண்டால், ஆஸ்பத்திரிக்குப் போத்தல் கொண்டுபோனது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் தினமும் ஒரு கிளாஸ் குடிக்கிறார்.

எல்லாரும் படிக்கிற மாதிரி இதை எழுதியதால் அவருக்கு அந்தக் கேள்வி இனி வரத்தான் செய்யும். என்னை அவர் சாகும் வரை மன்னிக்க மாட்டார். வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும். நான் சுவரில் காதை வைத்து, விக்கல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. அவர் முகம் ஊதத் தொடங்கிவிட்டது.

அவர் என் பேச்சைக் கேட்க மாட்டார், டாக்டர் பேச்சைக் கேட்க மாட்டார். உங்கள் பேச்சைக் கேட்பார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வீடியோவை எடுத்தது ஏன்? என்ன நடந்தது என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னார்களா? சொன்ன பிறகும் வாயை மூடிக்கொண்டு கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? எனக்குத் தனியாகப் போன் எடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். அதே முகத்தோடு, அதே பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி வந்து, நான் சொன்னது தவறு, இடையில் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, இன்றைக்கே நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். எப்போது சொல்லப் போகிறீர்கள்?